பேய்க்கு விஞ்ஞானச் சட்டை

விஞ்ஞானம் என்ற பெயரைச் சொல்லி ஒரு பேய்க்கதையை நம் தலையில் கட்டிவிட்டார்கள். நாமும் காசு கொடுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு வந்து, தமிழன் உலகத் தரத்தை எட்டிவிட்டான் என்று மார்தட்டினோம். 2018ஆம் வருஷம் நவம்பர் 29ஆம் தேதி வெளிவந்த "2.0" என்னும் பேசும்படத்தைத்தான் சொல்லுகிறோம். படம் வந்து வருஷங்கள் சென்றபின் இதை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர் கேட்கலாம். படம் பழையதாகிவிட்டது, அதை நம்மவர் வரவேற்ற விதம் மட்டும் பழையதாகவில்லை. இன்றைக்கும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா வீதியிலும் விஞ்ஞானப் படம் என்று பேச்செடுத்தால் வந்து விழுபவை அதே இரண்டு வார்த்தைகள்தாம். ஒன்று, "தலைவர்". மற்றொன்று, "500 கோடி".

முதல் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட நடிகரின் படம் வெளியாகும் நாளில் அவருடைய அட்டைப் பதுமைக்குக் குடங்குடமாய்ப் பாலூற்றுவது தமிழ்நாட்டில் ஒரு சடங்காகிவிட்டது. கல்லின் தலையில் பாலைக் கொட்டாதே, பசித்த குழந்தைக்குக் கொடு என்று ஊர் ஊராய்ப் போய்ச் சொன்ன ஓர் இயக்கம் பிறந்த நாடு அது! கல்லை விட்டு அட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இதுதான் நாம் கண்ட முன்னேற்றம். அதிலும் இந்தப் படத்தின் நாயகனோ ஒரு யந்திரம். சொந்த மூளையைக் கொண்டு யோசித்து யந்திரத்தைச் செய்தவன் மனிதன் என்று காட்ட வந்த கதைக்கு, யோசனையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போய் ஆரத்தி எடுத்தோம். நம் ஊரில் பால் சற்றுக் குறைவு, பக்தியில் குறைவில்லை.

இரண்டாவது வார்த்தை அதைவிட விநோதமானது. படத்துக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று பேசப்பட்டது. முதல்நாள் வசூல் என்ன, முதல்வார வசூல் என்ன என்று, மாதம் ஆயிரத்துச் சில்லறை வெள்ளி சம்பளம் வாங்குகிறவர்களெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். இவர்கள் என்ன அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களா? தோட்டத்து வரவுசெலவுப் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன்: செலவுத் தொகையைப் பார்த்துச் சரக்கின் தரத்தை முடிவு செய்கிற கணக்கு முறை உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. அப்படி ஒரு கிராணி கணக்கு எழுதினால் மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கலைக்கு மட்டும் அந்தக் கணக்கு எப்படிச் செல்லுபடியாகிறது?

இந்தப் படத்துக்கு முன்னது ஒன்று உண்டு. 2010 அக்டோபர் 1ஆம் தேதி வெளிவந்த "எந்திரன்". பிரிக்பீல்ட்ஸ் "லிட்டில் இந்தியா"வை இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜீப்பும் வந்து திறந்துவைத்ததும் அதே மாதம் 27ஆம் தேதிதான். அந்த வருஷம் அந்தத் தெருவில் எது அதிகம் பேசப்பட்டது என்பதைத் தெருக்காரர்களே சொல்லட்டும். அந்தப் படத்திலும் ஆட்டம் பாட்டம் அபத்தம் எல்லாம் இருந்தன. இருந்தாலும் அதில் ஒரு கட்டம் இருந்தது. அந்த ஒரு கட்டத்துக்காக அதை மன்னிக்கலாம்.

தீப்பிடித்த கட்டடத்தில் சிக்கியவர்களைச் சிட்டி என்னும் யந்திர மனிதன் காப்பாற்றுகிறான். ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தவள். அவளை அப்படியே, ஆடையின்றி, தூக்கிக்கொண்டு வந்து தெருவில் கூட்டத்தின் முன்னாலும் படக்கருவிகளின் முன்னாலும் நிறுத்திவிடுகிறான். யந்திரத்துக்கு உயிர் தெரியும், வெட்கம் தெரியாது. அவளோ நெருப்பில் பிழைத்தும் அந்தப் பார்வைகளில் பிழைக்க மாட்டாமல் ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இங்கே கொன்றது யார்? யந்திரமா, நெருப்பா, கூடி நின்று பார்த்த நாமா? உயிரைவிட மானம் பெரிது என்று பெண்ணின் உடம்பின்மேல் எழுதிவைத்த சமூகமா? 2008இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதாவின் கையும் பட்ட கதை அது. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் பதிலைத் தப்பான இடத்தில் தேடினார்கள். சமூகத்தைத் திருத்தாமல் யந்திரத்துக்கு உணர்ச்சி கற்பிக்கப் போனார்கள். போகட்டும், கேள்வியாவது இருந்தது. உடம்பும் யந்திரமும் முட்டிக்கொள்ளும்போது பிறக்கும் பயங்கரம் எது என்று தமிழ்ச் சினிமா ஒரு நிமிஷமாவது நின்று பார்த்தது. கொட்டகையில் அந்த நிமிஷம் யாரும் விசிலடித்ததாக எனக்கு நினைவில்லை.

இனி, எட்டு வருஷம் கழித்து வந்த பின்பாகத்தைப் பாருங்கள். சென்னை நகரத்தில் ஜனங்களின் கைகளிலிருந்த தொலைபேசிகளெல்லாம் திடீரென்று பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. அவை ஒன்று சேர்ந்து பெரும் பட்சியாகின்றன. மனிதர்களை மொய்த்துக் கொல்லுகின்றன. நல்ல ஆரம்பம். காலையில் கண் விழித்ததும் நாம் தேடுகிற பொருள், நம் கையின் ஆறாவது விரலாகிவிட்ட பொருள், நமக்கே பகையானால் என்ன ஆகும்? இதற்குக் காரணமாகப் பட்சிராஜன் என்னும் முதியவரைக் காட்டுகிறார்கள். பறவை அறிஞர் சலீம் அலியை (1896–1987) நினைவூட்டும்படி அவரை ஒப்பனை செய்திருக்கிறார்கள். தொலைபேசிக் கோபுரங்களின் அலைகளால் பறவைகள் சாகின்றன என்று அவர் மன்றாடுகிறார், கேட்பாரில்லை, கடைசியில் ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். இதுவரையில் மனிதர் கதை. இதற்குமேல்தான் மோசம். செத்த அவருடைய "ஆரா"வும் செத்த பறவைகளின் "ஆரா"வும் ஒன்று கலந்து தீய சக்தியாகித் தொலைபேசிகளுக்குள் புகுந்துவிட்டதாம்! அதை ஒரு விஞ்ஞானி "நேர்ச்சக்தி"யைக் கொண்டு கட்டிப்போடுகிறாராம்!

நம் பாட்டிமார் இதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள்: அகால மரணமடைந்தவன் ஆவி மரத்தில் தங்கியிருக்கிறது, பூசாரி வந்து வேப்பிலையடித்துச் சொம்புக்குள் இறக்கினான். மரத்துக்குப் பதில் கோபுரம், வேப்பிலைக்குப் பதில் மின்கருவி, பூசாரிக்குப் பதில் வெள்ளைச் சட்டை போட்ட டாக்டர் வசீகரன். பாட்டி தன் கதையை விஞ்ஞானம் என்று சொல்லவில்லை. அதற்காக 500 கோடியும் செலவழிக்கவில்லை. ஆகவே இரண்டில் யோக்கியமானது பாட்டியின் கதையே.

உண்மையில் அலைகளுக்கும் பறவைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அறிய விரும்பியிருந்தால், விஞ்ஞானிகள் செய்துவைத்த வேலை நிறையக் கிடந்தது. ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். இதைக் கேட்டபின் அந்த ராட்சதப் பட்சி உங்களுக்கு வெறும் பொம்மையாகத் தோன்றாவிட்டால் வியப்பேன். ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்னும் நகரத்தில் ராபின் என்னும் சின்னஞ்சிறு பறவைகளை மரக்கொட்டகைகளில் வைத்து ஆராய்ந்தார்கள். வலசை போகும் காலத்தில் அவை பூமியின் காந்தத்தை உணர்ந்து திசை அறிய வேண்டியவை. நகரத்தில் அவற்றுக்குத் திசை தெரியவில்லை. கொட்டகையைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, அதைப் பூமியோடு கம்பியால் இணைத்தார்கள். பறவைகள் சரியான திசை காட்டின. கம்பியை அவிழ்த்தார்கள், திசை தவறின. மறுபடி இணைத்தார்கள், திரும்பவும் சரியாயின. 2014இல் வெளியான இந்த ஆராய்ச்சியின் முடிவு: நகரத்து மின்கருவிகளின் இரைச்சல், அதுவும் மிகப் பலவீனமான இரைச்சல், பறவையின் காந்த உணர்வைக் குலைக்கிறது. ஆனால் குலைத்த அலைகள் கைத்தொலைபேசியின் அலைகள் அல்ல. அவற்றைக் காட்டிலும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் உடையவை. உண்மை இப்படித்தான் இருக்கும். வில்லனுக்குத் தோதாக வளைந்து கொடுக்காது.

சிட்டுக்குருவி விஷயமும் அப்படியே. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவியின் தொகை ஏறக்குறைய நிலையாயிருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்றும் கூறியது. குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சியில்லை; கூடு கட்டச் சந்தில்லை; கண்ணாடிச் சுவரில் குருவி எங்கே குடியிருக்கும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2011இல் இந்த அலைகளை "ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கலாம்" என்ற வகுப்பில் சேர்த்தது மெய். அதே வகுப்பில் ஆசிய நாட்டு முறையில் ஊறப்போட்ட காய்கறியும் இருக்கிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இந்திய அரசாங்கம் முன்னெச்சரிக்கையாக 2012 செப்டம்பர் முதல் கோபுர அலைகளின் அளவைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. இவ்வளவும் படம் எடுக்கப்படுவதற்கு முன்பே, அல்லது சற்றுப் பின்னே, பகிரங்கமாகத் தெரிந்த விஷயங்கள். இவற்றில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு நம் பத்திரிகைகளில் படத்தை விசாரித்தவர் எத்தனை பேர்?

விசாரித்தவர்கள் வேறு ஆட்கள். படம் வெளியாவதற்கு முந்திய நாட்களில், இந்தியாவின் தொலைபேசிக் கம்பெனிகளின் சங்கம் தணிக்கைக் குழுவிடமும் தகவல் ஒலிபரப்பு இலாகாவிடமும் புகார் கொடுத்தது. கைத்தொலைபேசியையும் கோபுரத்தையும் பற்றி விஞ்ஞானத்துக்கு விரோதமான எண்ணத்தை இந்தப் படம் பரப்புகிறது என்றும், இதற்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்டது. பார்த்தீர்களா வேடிக்கையை! ஆவியை எதிர்த்துப் பகுத்தறிவின் பேரால் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம். நாம் வசூல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்துகொண்டு, விஞ்ஞானத்துக்கு நானே வக்கீல் என்றான். ஆவியைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை; விற்பனையைப் பற்றித்தான் கவலை. பேய் தொலைபேசியை விட்டுவிட்டுத் தையல் யந்திரத்தில் புகுந்திருந்தால் அந்தச் சங்கம் வாயே திறந்திராது. இதற்கு நம் ரசிகர்கள் கொடுத்த பதில் என்ன? "தலைவர் படத்தையா தடுக்கப் பார்க்கிறாய்?" என்பதுதான். ஒரு பக்கம் பூசாரி, ஒரு பக்கம் கடைக்காரன். நடுவில் விஞ்ஞானம் அநாதையாக நின்றது.

(நம் நாட்டுத் தணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் "கபாலி" இங்கே ஓடியபோது, கடைசியில் கபாலி போலீசிடம் சரணடைந்தான் என்று ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. தோட்டத்தில் பிறந்த தமிழன் சட்டத்தை மீறினான் என்றால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள். செத்தவன் ஆவி யந்திரத்தில் புகுந்தது என்றால் யாரும் கெடுவதில்லை போலும்.)

"ஜப்பான்காரனே கொண்டாடுகிறான், உனக்கென்ன குறை?" என்பார்கள். 1998இல் "முத்து" தோக்கியோவில் வாரக்கணக்கில் ஓடியதும், "2.0" 2019இல் அங்கே போனதும் வாஸ்தவந்தான். சரி, அந்த ஜப்பானுக்கே போய், அவர்கள் இதே விஷயத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்துவிடுவோமே.

1989இல் ஷின்யா சுகமோட்டோ என்பவர் "டெட்சுவோ" என்று ஒரு படமெடுத்தார். கறுப்பு வெள்ளை, சிறிய படச்சுருள், சொற்பப் பணம். அவரே நடித்து, அவரே ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்தார். ஓர் ஆபீசுக் குமாஸ்தாவின் உடம்பிலிருந்து இரும்பு முளைக்கத் தொடங்கி, அவன் முழுவதும் இரும்புக் குப்பையாகிறான். 1992இல் இதற்கும் பின்பாகம் வந்தது. அதற்கும் பணம் கூடியது, வர்ணம் வந்தது. இதிலும் ஒரு குமாஸ்தா. மனைவியும் சிறு மகனும் உள்ள சாதாரண மனிதன். ஒரு கும்பல் அவன் மகனைத் தூக்கிக்கொண்டு போகிறது. அவனுக்கு வருகிற கோபத்தில் அவன் கையே துப்பாக்கியாக மாறுகிறது. மாறிய துப்பாக்கி முதலில் யாரைச் சுட்டது தெரியுமா? அவன் காப்பாற்றப் போன அந்தக் குழந்தையையே. பிறகு தெரிகிறது: அவனையும் அவன் அண்ணன் தம்பியையும் சிறுவயதிலேயே ஆயுதங்களாகப் பழக்கியவர் அவர்களைப் பெற்ற தகப்பனார்தாம். பேய் இல்லை, ஆவி இல்லை. வீட்டுக்குள் பிள்ளையின் கையில் தகப்பன் கொடுத்த வன்முறை வளர்ந்து உடம்பாகிறது, அவ்வளவுதான்.

இது பார்க்கச் சுகமான படமல்ல. குடும்பத்தோடு போகச் சொல்லமாட்டேன். விஞ்ஞானக் கணக்கில் இதுவும் நடக்காத காரியந்தான். கோபத்தால் எவன் கையும் துப்பாக்கியாகாது. ஆனால் அந்தப் பொய்க்குள் ஒரு மெய் இருக்கிறது. கோபம் மனிதனை ஆயுதமாக்கும், ஆயுதம் சொந்தக் குழந்தையையும் அடையாளம் பாராது. முதற்படத்தை ரசித்தவர்களில் சிலர் பின்பாகத்தைக் குறை சொன்னார்கள்: வர்ணத்தால் முரட்டுத்தனம் போயிற்று, சொல்லாமல் விட வேண்டியதை எல்லாம் விளக்கிவிட்டார் என்று. ஒரு பின்பாகத்தை வரவேற்கும் முறை அதுவல்லவா? முன்னது எழுப்பிய கேள்வி இதில் ஆழமாயிற்றா, நீர்த்துப் போயிற்றா என்று கேட்பது. "2.0"வைப் பார்த்து, தெருவில் ஓடிச் செத்த அந்தப் பெண்ணின் கேள்வி என்னவாயிற்று என்று நம்மில் யார் கேட்டோம்?

உடம்பும் யந்திரமும் மோதுகிற கதை நமக்குப் புதிதுமல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிளைப் பற்றியது. வெள்ளைக்காரத் துரையையும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களையும், அதாவது என்னைப்போன்ற கிராணிமாரையும், கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. தன் சம்பாத்தியத்தில் வாங்கிய யந்திரத்தின்மேல் தன் உடம்பு உட்கார்ந்திருக்க உரிமை கேட்டான்! அந்த வேலைநிறுத்தத்தைப் பட்டாளம் வந்து அடக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து உயிர் போயிற்று. இதைவிட ஒரு "யந்திர மனிதன்" கதை வேண்டுமா?

பறவைக் கதைதான் வேண்டுமென்றால் அதுவும் நம்மிடம் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லையை அடக்கக் கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். கூகை அலறினால் சாவு என்று நடுங்குகிற நம் ஜனங்களுக்கு, அதே கூகை பழத்தைக் காத்துச் சம்பளத்தையும் காக்கிறது என்பது கண்கண்ட பாடம். எலிக்கு விஷமும் வைப்பதுண்டு. இரத்தத்தை உறையவிடாமற் செய்யும் விஷம். தின்ற எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும்போது கூகை பிடித்துத் தின்கிறது. வீரியமான புதுவகை விஷங்கள் வந்தபின் கூகைகள் அருகிப்போனதை 1980களிலேயே இந்நாட்டுத் தோட்டங்களில் ஆராய்ந்து எழுதினார்கள். எந்த ஆவியும் பழி வாங்க வரவில்லை. எலிதான் பெருகியது.

மனித உடம்புக்கும் வருவோம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். நகம் கறுத்து உதிரும். மூக்கில் இரத்தம் வடியும். தோல் வெந்து போகும். தவறி வாயில் போனால் மாற்று மருந்தில்லை. ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனாகானித்தா அமைப்பு இதை ஆராய்ந்து வெளியிட்டது 2002இல். அந்த வருஷமே இதை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள்; 2006இல் தளர்த்தினார்கள்; முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல். அதாவது, 2018 நவம்பரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வராத அலையால் சாகாத பறவைக்காக நாம் கண் கலங்கிக்கொண்டிருந்த வாரத்திலும், அந்த மருந்து இந்த நாட்டில் தடையாகவில்லை. நகம் உதிர்ந்த கையோடு அந்தப் பெண்ணும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கலாம்.

தமிழனுக்கு விஞ்ஞானக் கற்பனை வராது என்று நான் சொல்லவில்லை. 1940களில் "இனிவரும் உலகம்" எழுதிய பெரியார், கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்றும், ஒருவர் உருவத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் வசதி வரும் என்றும் எழுதினார். நம் கையிலிருக்கும் இதே பொருள்தான்! அதைக் கண்டு அவர் பயப்படவில்லை, ஆவியும் புகுத்தவில்லை. அதனால் மனிதனின் அடிமைத்தனம் குறையுமா, பெண்ணின் பாரம் இறங்குமா என்று மட்டும் கேட்டார். அவர் ஒரு காசு செலவில்லாமல் ஒரு சிறு பிரசுரத்தில் கேட்டதை, அவர் சொன்ன கருவி கைக்கு வந்து சேர்ந்தபின் 500 கோடி செலவழித்தும் நம்மால் கேட்க முடியவில்லை.

"பொழுதுபோக்கப் போகிறவன் பாடம் கேட்கவா போகிறான்?" என்று ஒரு நண்பர் சொன்னார். பாடத்தை நான் நடத்தவில்லை, படமே நடத்துகிறது. பேயை ஒழித்த கையோடு டாக்டர் வசீகரன் ஆட்சியாளரிடம், பட்சிராஜன் சொன்னதில் நியாயம் உண்டு என்று எடுத்துரைக்கிறார். செத்தவன் சொன்னது நியாயமென்றால், அவன் உயிரோடிருந்து கதறியபோது காதை மூடிக்கொண்டவர்கள் யார் யார் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகையிலும் ஒருவரும் கேட்கவில்லை.